புழற்கோட்டைப் போர் சமயப் போரா?

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பொருளைத் தேடி நாம் அலைய நேரவில்லை. மாலை வகுப்பு முடிந்த பின்னும் வீடு திரும்பாமல் நம் இளைஞர்கள் நின்று வாதிடும் பொருள் ஒன்று உண்டு. "நம் முன்னோர் பௌத்தராகவும் சமணராகவும் வாழ்ந்தனர், சமயப் போரில் தோற்றனர், தோற்றதனால் சேரிக்குத் தள்ளப்பட்டனர்" என்பார் ஒரு சாரார். "சமயம் என்பது மன்னர் போர்த்திக்கொண்ட போர்வை, உள்ளே இருந்தது மண்ணும் பொன்னுமே" என்பார் மறுசாரார். இரு சாராரும் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் மதுரையையும் காஞ்சியையும். சிலர் கடல் கடந்து எருசலேமுக்கே சென்றுவிடுவர். நம் வீட்டு வாசலிலேயே ஒரு போரின் கதை கிடக்கிறது. அதனை முதலில் எடுத்துப் பார்ப்போம்.

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு இரயிலில் செல்வோர் திருமுல்லைவாயில் நிலையத்தைக் கடந்தே செல்கின்றனர். அவ்வூர் மாசிலாமணி ஈசுவரர் கோயிலில், கருவறையின் முன் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. எருக்கஞ்செடி தூணாகும் அளவுக்குப் பருக்குமா என்று வியப்போர் பலர். அதை நாம் தாவரநூல் கற்றோருக்கு விட்டுவிடுவோம். அந்தத் தூண்கள் கோயிலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல, தோற்றவர் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதே தலபுராணம் கூறும் செய்தி. தோற்றவர் புழற்கோட்டையை ஆண்ட குறும்பர், வென்றவன் தொண்டைமான். குறும்பரை முதலில் வெல்ல இயலாது திரும்பிய தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் சிக்கியது; கொடியை வாளால் வெட்டினான்; வாள் உள்ளிருந்த இலிங்கத்தின்மேல் பட்டுக் குருதி பெருகியது; இறைவன் வெளிப்பட்டு நந்தியைத் துணைக்கு அனுப்பினான்; பகை அழிந்தது. அதனாலேதான் இக்கோயிலின் நந்தி மற்றக் கோயில்களிற்போல இறைவனை நோக்கியிராமல், போருக்குப் புறப்பட்ட கோலத்தில் கிழக்கு நோக்கியிருக்கிறது என்பர்.

இக்கதையில் வரும் குறும்பரின் சமயம் யாது? இதுவே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி. தலபுராணம் அவர்களை ஓணன், வாணன் என்று பெயர் சுட்டி, வைரவரை வழிபட்டு அவரருள் பெற்றோர் என்கிறது. வைரவர் சிவனின் வடிவமே அல்லவா? அங்ஙனமாயின் சிவனடியானான தொண்டைமான், சிவனின் மற்றொரு வடிவத்தை வணங்கியவரைச் சிவனின் துணைகொண்டே வென்றான் என்றாகிறது. இதனைச் சமயப் போர் என்று எவ்வாறு அழைப்பது?

ஆனால் இதே போருக்கு மற்றொரு கதையும் உண்டு. கிழக்கிந்தியக் கும்பினியின் நில அளவை அதிகாரியாயிருந்து, 1821இல் காலமான காலின் மெக்கன்சி என்பார், தம் உதவியாளரை ஊரூராக அனுப்பித் திரட்டிய சுவடிகளில் அது காணப்படுகிறது. தொண்டைநாட்டை இருபத்துநான்கு கோட்டங்களாகப் பிரித்துக் குறும்பர் ஆண்டனர். புழல் அவர் தலைநகர். கமண்டக் குறும்பப் பிரபு என்பவன் அவர்தம் தலைவன். சமண முனிவர் ஒருவர் வந்து அவர்களைச் சமணராக்கினார். சோழன் குலோத்துங்கனுக்கு நடனமாது ஒருத்தியிடம் பிறந்த ஆதொண்டன் படையெடுத்து வந்து, முதலில் தோற்று, பின்பு சிவன் அருளால் வென்று, புழற்கோட்டையின் வெண்கலக் கதவைப் பெயர்த்துத் தஞ்சைக்கு அனுப்பினான் என்பது அச்சுவடிகள் தரும் செய்தி. இங்கே குறும்பர் சமணர். போர் சைவத்துக்கும் சமணத்துக்கும் நடந்த போர்.

ஒரே போர், ஒரே கோட்டை, தோற்றவருக்கு மட்டும் இரண்டு சமயங்கள்!

இவ்விரண்டுக்கும் முற்பட்ட சான்று ஒன்று நம்மிடம் உண்டு. சுந்தரர் திருமுல்லைவாயிலைப் பாடிய பதிகத்தில் தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி கட்டிய செய்தி இடம்பெறுகிறது. சுந்தரரை எட்டாம் நூற்றாண்டினர் என்று பெரும்பாலோர் கொள்வர். ஒன்பதாம் நூற்றாண்டினர் என்பாரும் உளர். எங்ஙனமாயினும், 1070 முதல் ஆண்ட முதற் குலோத்துங்கனின் மகன் செய்த போரைச் சுந்தரர் பாடியிருக்க முடியாது. ஆகவே மெக்கன்சி சுவடிகளின் காலக்கணக்கு நில்லாது. அதனினும் பெரிது மற்றொன்று. சுந்தரர் பதிகத்தில் யானையும் கொடியும் தொண்டைமானும் உண்டு. குறும்பர் இல்லை, சமணர் இல்லை, கோட்டையும் இல்லை. பழைய பாட்டில் இல்லாத பகைவர் புராணத்தில் வருகின்றனர். புராணத்தில் இல்லாத சமணம் பின்னைய சுவடியில் வருகிறது. காலம் செல்லச் செல்லப் போர் சமயப் போராக வளர்ந்திருக்கிறது என்பதே நம் துணிபு.

இதனால் குறும்பரே இல்லை, போரே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. கதை முழுவதும் கற்பனையாயின் இருபத்துநான்கு கோட்டங்கள் என்னும் பிரிவு கல்வெட்டுகளோடு இவ்வளவு ஒத்துப்போகாது. புழற்கோட்டம் என்னும் பெயர் கல்வெட்டுகளில் உள்ளதே. சோழர் தொண்டைநாட்டைக் கைப்பற்றியதும் மெய்யான வரலாறு. ஆனால் அது ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் ஆதித்தன் பல்லவ மன்னன் அபராசிதனை வென்றதனால் நிகழ்ந்தது. நம் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த செப்பேடுகள் இவ்வெற்றியைப் பேசுகின்றன. ஆதித்தன் காவிரிக் கரையெங்கும் சிவன் கோயில் எழுப்பியவன். அபராசிதன் காலத்தில் எழுந்தது திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில். இருவரும் சைவரே. ஒரு சைவன் மற்றொரு சைவனிடமிருந்து நாட்டைப் பறித்தான். இந்த நினைவே நாளடைவில் தொண்டைமான் கதையோடு கலந்திருக்கலாம்.

அப்படியாயின் இந்த மண்ணில் பறிப்பதற்கு என்ன இருந்தது? நம் பகுதியைத் தொழிற்பேட்டையாகவும் படைத்துறைக் குடியிருப்பாகவும் அறிந்த இளைஞர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இது ஏரிகளின் நாடு. புழல், அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, பூவிருந்தவல்லிக்குத் தென்மேற்கே செம்பரம்பாக்கம் என்று மழைநீரைத் தேக்கும் பள்ளங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஏரிக்குக் கரை கட்டி மதகு வைத்தால் நெல் விளையும். கட்டாமல் விட்டால் ஆடு மாடு மேயும். ஒரே நிலத்துக்கு இரண்டு வாழ்க்கைமுறைகள். மெக்கன்சி சுவடிகளே குறும்பரை ஆடு மேய்த்தவர், கம்பளி நெய்தவர், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரோடு கடல்வழி வாணிபம் செய்தவர் என்கின்றன. மேய்ச்சல் நிலமும் கடற்கரையும் ஒருவர் கையில் இருக்க, நெல்லை நம்பிய அரசு தெற்கிலிருந்து வளர்ந்து வருகிறது. போருக்கு இதற்கு மேல் காரணம் வேண்டுமோ?

வென்றபின் நடந்ததைக் கதை மறைக்கவேயில்லை. ஆதொண்டன் காடு வெட்டினான். பிற நாடுகளிலிருந்து வேளாளரை அழைத்துக் குடியேற்றினான். ஊர்களைக் காணியாக அவர்களுக்கு அளித்தான். இதனைக் கூறும்போது சுவடிகளின் குரல் தெளிவாகிறது. குறும்பரின் சமயத்தைப் பற்றித் தடுமாறும் கதை, காணி யாருக்குக் கிடைத்தது என்பதில் தடுமாறுவதில்லை. இந்தச் செய்திக்கு நாம் பின்னர் மீண்டும் வருவோம்.

சோழரை இன்னும் சற்று நெருங்கிப் பார்த்தால், அரசர் சமயத்தை எவ்வாறு கையாண்டனர் என்பது விளங்கும். 1017இல் இராசேந்திரனின் படை ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. அப்போது பௌத்த விகாரைகளின் செல்வம் கொள்ளை போயிற்று என்று ஈழத்துச் சூளவம்சம் புலம்புகிறது. சைவன் பௌத்தத்தை அழித்தான் என்று இங்கேயே முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் நாகப்பட்டினத்தில் சிறீவிசய மன்னன் எழுப்பிய சூளாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை 1006ஆம் ஆண்டளவில் அளித்தவன் இராசராசன். அக்கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைபெறச் செய்தவன் இதே இராசேந்திரன். ஈழத்து விகாரை கொள்ளைப் பொருள். நாகை விகாரை கடல் வாணிபத்தின் நட்புச் சின்னம். அந்த நட்பும் நிலைத்ததோ என்றால் அதுவும் இல்லை. விகாரை எழுப்பிய சிறீவிசயத்தின் மீதே 1025இல் சோழர் கப்பற்படை பாய்ந்தது. பின்னர், சைவர்களான மேலைச் சாளுக்கியரின் கல்யாணபுரத்தைத் தாக்கிய இராசாதிராசன், அங்கிருந்து வாயிற்காவலர் சிலையைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். கொண்டுவந்த செய்தியைச் சிலையின் பீடத்திலேயே பொறித்தும் வைத்தான். புழலிலிருந்து வெண்கலக் கதவு போனதாகச் சொல்லப்படுவதும் இவ்வகையினதே. தோற்றவன் நம் கடவுளை வணங்கினானா வேறு கடவுளை வணங்கினானா என்று கதவோ சிலையோ கேட்பதில்லை.

கடல் கடந்த நாடுகளிலும் நிலைமை வேறன்று. 1095இல் போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார்; 1099இல் எருசலேம் வீழ்ந்தது. ஆனால் 1204இல் நான்காம் சிலுவைப் போரினர் சூறையாடியது கான்ஸ்டாண்டிநோபிள் என்னும் கிறித்துவ மாநகரத்தையே. அவ்வாறே 1311இல் மாலிக் கபூர் தென்னாடு புகுந்ததை இந்து முசுலிம் போர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அவன் வந்தபோது பாண்டியநாட்டில் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் தமக்குள் அரியணைக்குப் போரிட்டுக்கொண்டிருந்தனர். வீர பாண்டியன் படையில் முசுலிம் வீரர் இருந்ததை அமீர் குசுருவே எழுதியிருக்கிறார். கபூர் கொண்டுசென்றது யானைகளும் குதிரைகளும் பொன்னும்.

இதுவரை படித்தவர், நாம் இரண்டாம் சாராரின் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று எண்ணக்கூடும். அவசரம் வேண்டா.

சமயம் வெறும் போர்வை என்பது முழு உண்மையன்று. சம்பந்தரின் பாடல்களில் சமணரையும் பௌத்தரையும் இழித்துரைக்கும் சினம் நடிப்பன்று. பதிகந்தோறும் அதற்கென ஒரு பாட்டை ஒதுக்கியவர் அவர். சமணத்தைவிட்டுச் சைவனான பல்லவ மன்னன் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து, திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்று பெரியபுராணம் பெருமையோடு சொல்கிறது. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையைச் சம்பந்தர் பாடவில்லை, பின்வந்தோரே பாடினர். மதுரைக்கு அருகே சமணர்மலையில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளிலும் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டு, செய்வித்தவர் பெயரும் பொறிக்கப்பட்டதால், சமணர் அங்கே அடியோடு அழிந்துவிடவில்லை என்பது உறுதி. புழலிலும் ஆதிநாதர் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஆயினும் நடவாத கொலையை நடந்ததாகச் சொல்லிப் பெருமை கொள்ளும் மனநிலை இருந்ததே, அதனை என்னென்பது? அந்த மனநிலையும் வரலாற்றில் ஒரு விசைதான்.

நம் கருத்தில், "சமயமா, மண்ணா" என்று வாதத்தை இரண்டாகப் பிளந்ததே பிழை. அந்நாளில் மண்ணே சமயத்தின் பெயரால் பிடிக்கப்பட்டிருந்தது. சிவன் கோயில் நிலம் தேவதானம்; பார்ப்பனர் நிலம் பிரமதேயம்; சமண பௌத்தப் பள்ளிகளின் நிலம் பள்ளிச்சந்தம். வரி நீக்கம், விளைச்சலில் பங்கு, ஏரியின் நீர்முறை எல்லாம் இந்தப் பெயர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு மன்னன் சமயம் மாறினால் வயலின் பெயர் மாறும். வயலின் பெயர் மாறினால் நெல் செல்லும் களஞ்சியம் மாறும். களப்பிரரைக் கொடிய அரசர் என்று நம் பாடநூல்கள் நெடுங்காலம் பழித்தன. எட்டாம் நூற்றாண்டின் வேள்விக்குடிச் செப்பேட்டைப் படித்தால் அவர் செய்த கொடுமை யாதெனத் தெரியும். பழைய பாண்டியன் வேள்வி செய்த பார்ப்பனருக்கு அளித்த ஊரை அவர்கள் பறித்துக்கொண்டனர். அதனை மீட்டுத் தரவேண்டும் என்று வழித்தோன்றல் ஒருவன் பராந்தக நெடுஞ்சடையனிடம் முறையிட்டான். வழக்கு ஊரைப் பற்றியது. பழி மட்டும் காலமெல்லாம் நின்றது.

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் நம் பக்கத்தவர்; பூவிருந்தவல்லியை அடுத்த குன்றத்தூரே அவர் ஊர். அவருடைய நூலில் பகைச் சமயத்தாரின் கதை மட்டும் இல்லை. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த திருநாளைப்போவாரின் கதையும் இருக்கிறது. அவர் சமணரல்லர், பௌத்தரல்லர். சைவத்தில் அவருக்கிருந்த பற்றில் யாரும் குறை கண்டதில்லை. ஆயினும் தில்லைக்குள் நுழையுமுன் அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது. தோற்ற சமயத்தைச் சேர்ந்ததனாலேயே நம்மவர் தாழ்த்தப்பட்டனர் என்றால், வென்ற சமயத்தில் உள்ளம் கரைந்து நின்றவருக்கு வாயில் திறந்திருக்க வேண்டுமே! முதற் சாராரான நம் இளைஞர் இக்கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை.

அவர்கள் தம் கருத்துக்கு அயோத்திதாசப் பண்டிதரையும் அண்ணல் அம்பேத்கரையும் துணைக்கழைப்பர். இருவரும் நமக்கு வழிகாட்டிகள். ஆதலின் கவனத்தோடு படிக்க வேண்டும். 1907இல் தொடங்கிய தம் இதழில் பண்டிதர், பறையர் எனப்பட்டோர் பூர்வ பௌத்தரே என்றும், வேடதாரிகளின் சூழ்ச்சியால் இழிந்தோராக்கப்பட்டனர் என்றும் தொடர்ந்து எழுதினார். பள்ளிக்கூடமும் பத்திரிகையும் பிறர் கையிலிருந்த காலத்தில், நம் வரலாற்றை நாமே எழுதலாம் என்னும் துணிவை அவர் தந்தார். அண்ணல் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலில், சிதறுண்டு ஊர்ப்புறத்தே குடியமர்ந்தவர்கள் பௌத்தத்தைக் கைவிடாமையும் மாட்டிறைச்சியை விடாமையும் தீண்டாமைக்கு வேர் என்றார். ஆனால் நூலின் முன்னுரையிலேயே, சான்றுகள் அற்றுப்போன இடங்களில் ஊகத்தால் இணைப்புத் தேட வேண்டியிருக்கிறது என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஊகம் என்று அவர் சொன்னதை நாம் கல்வெட்டு என்று ஓதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மேலும், சிதறுண்டோர் ஊருக்குப் புறத்தே குடியமர்த்தப்பட்டது முன்னரே நிகழ்ந்தது, தீண்டாமை பின்னர் வந்தது என்பது அவர் வாதத்தின் அடிப்படை. ஊருக்குப் புறத்தே, நிலமின்றி என்னும் இடத்தை அவர் முதலில் வைத்தார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

அந்த இடத்துக்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் விட்ட ஊர்களின் கணக்கில், வரி நீக்கிய நிலங்களாக ஏரி, சுடுகாடு முதலியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் எழுதப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நெல் விளையும் ஊரின் கணக்கில் சேரிக்கென ஒரு வரி எழுதியாகிவிட்டது. வயலைக் காணியாகப் பெற்றவர் வேறு. சேற்றில் இறங்கியவர் வேறு.

இனி, முன்பு விட்ட செய்திக்கு வருவோம். தொண்டைமான் கதை எப்போது எழுதி வைக்கப்பட்டது? கும்பினியார் செங்கற்பட்டுச் சீமையில், எந்த நிலம் யாருடையது, எவரிடம் வரி வாங்குவது என்று ஊர்தோறும் விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில். சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் மிராசு உரிமையைப் பற்றி எழுதி 1818இல் அச்சான நூலில், ஆதொண்டன் தொண்டைநாட்டை வென்று வேளாளரைக் குடியேற்றிய கதை காணியாட்சியின் தோற்றமாகவே இடம்பெறுகிறது. நாடு பாழாய்க் கிடந்தது, அரசன் வென்றான், எம் முன்னோருக்குக் கொடுத்தான், ஆகவே நிலம் எமது. கதை கேட்போருக்கு அதன் பயன் விளங்கியிருக்கும். தோற்றவர் வேறு சமயத்தாராயின் உரிமை இன்னும் தூய்மையாகிறது. அவர்களிடமிருந்து பறித்தது புண்ணியமுமாகிறது. சேற்றில் இறங்கியவர் அந்த நாளில் எங்கிருந்தார் என்று கதை சொல்லவில்லை; கேட்கவும் யாருமில்லை.

எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் கேட்டார். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களைப் பற்றி அரசுக்கு விரிவான அறிக்கை ஒன்று அனுப்பினார். அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அன்று அவர் மாவட்டத்து ஊர்கள். பறையர் ஒருவர் தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால், மிராசுதாரருக்கே அதில் முன்னுரிமை என்னும் விதி குறுக்கே நின்றது. குடியிருக்கும் மனையும் மிராசுதாரர் பிடியில் இருந்தமையால், விண்ணப்பித்தவர் குடிசையையும் இழக்க நேரும் என்பதை அவர் எடுத்துரைத்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை எண் 1010 பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த நிலங்கள் அதன் வழியே வந்தவை. அவற்றுள் பல பின்னர் எவ்வாறு கைமாறின என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

நம் கழகத்து இளைஞர்கள் அடுத்த விடுமுறையில் திருமுல்லைவாயிலுக்குச் சென்று எருக்கந்தூண்களைக் காணட்டும். புழலுக்கும் சென்று ஆதிநாதரைக் காணட்டும். இரண்டையும் கண்டபின், வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் ஒருமுறை சென்று தத்தம் ஊரின் பழைய நிலப் பதிவேட்டை எடுத்துப் படிக்க வேண்டும். யார் பெயரில் எந்தப் புல எண், எந்த ஆண்டில், எந்த நிபந்தனையோடு வழங்கப்பட்டது என்பது அதில் எழுதியிருக்கும்.